பாறைக்கடியில் பேர் கூப்பிட்டால்

குவாரி ஆபீஸ் மேஜையில், கையில் கட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர்கள் இரண்டு இருந்தன. எது வேண்டுமென்று வேலையாட்களே சொல்லலாம் என்றார் மேனேஜர் தனபால்.

ஒன்றைத் தரையில் போட்டார். நொறுங்கி அணைந்தது. இன்னொன்றைச் சம்மட்டியால் அடித்தார். கீறல்கூட இல்லை.

"ஏழு மாசம் முன்னாடி பாறை சரிஞ்சு வெள்ளைச்சாமியை மூடினப்ப அவன் கையில இருந்தது இந்த ரகம்தான். இன்னும் ஓடுது."

அது எல்லோருக்கும் தெரியும். வெடி வைத்த பிறகு தினமும் பேர் கூப்பிடுவார்கள். அவன் பேர் வந்தால் பாறைக்கடியிலிருந்து அவன் குரலிலேயே அந்தக் கம்ப்யூட்டர் "இருக்கேன்" என்கிறது. உடல் கிடைக்கவில்லை. பதில் சொல்கிற ஆளுக்கு இறப்புச் சான்றிதழ் கிடையாது என்று அவன் மனைவி ராக்கம்மாளை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவளும் இங்கேதான் கல் உடைக்கிறாள்.

அவள் நொறுங்கிக் கிடந்ததைக் காட்டினாள்.

"கிறுக்கா உனக்கு? ஒரு தடவை விழுந்தா போச்சு."

"போகட்டும் சார். நான் செத்தா எம் மகளுக்காவது தெரியணும்."

மற்றவர்கள் கெட்டியானதற்கே கை தூக்கினார்கள். மேனேஜர் அதை அவள் மணிக்கட்டில் பூட்டினார். குரல் பழக வேண்டும், "இருக்கேன்" என்று மூன்று முறை சொல்லுங்கள் என்றது அது.

ராக்கம்மாள் இரண்டு முறை சொன்னாள். மூன்றாவதற்கு அவள் வாய் திறக்கும் முன், அவள் குரலில் அதுவே சொல்லிவிட்டது.