பெண் பார்க்கப் போட்ட படம்

பஜ்ஜியும் காபியும் முடிந்ததும், மாப்பிள்ளை வீட்டார் ஊர் வழக்கப்படி அந்த ஜப்பான் அனிமே படத்தைச் சுவரில் ஓடவிட்டார்கள். அதைப் பார்த்து அழுகிற பெண்ணுக்குப் பழைய காதல் ஒன்று இருக்கும் என்பது இப்போதெல்லாம் ஜாதகத்தைவிடப் பெரிய நம்பிக்கை. அதனால் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் தாரகையின் முகத்தில்தான் இருந்தது.

படத்தில் படகு கிளம்பிவிட்டது. அதில் ஏறிய காதலி மறந்துவிட்டுப் போன குடையை நீட்டியபடி ஒரு பையன் துறையில் நனைந்துகொண்டு நின்றான். தாரகை கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் காதலித்த கவினைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து அம்மா தினமும் அவளை இந்தப் படத்தின் முன்னால்தான் உட்காரவைத்தாள். முதலில் முகம் வீங்க அழுதவள்தான். போகப்போக அழுகை வற்றியது. இப்போது குடை வெறும் குடை. கவினும் வெறும் பெயர்.

படம் மனப்பாடமாகிவிட்டதால் அவள் பார்வை அறைக்குள் திரிந்தது. எல்லோருக்கும் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா கோகிலவாணி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். அதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

"பொண்ணு தங்கமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பூ வைக்க வந்த கோகிலவாணி தாரகையின் காதருகே குனிந்தாள். "எத்தன தடவ பாத்து மரத்துப்போச்சு கண்ணு? எனக்கு இன்னும் மரத்துப்போக மாட்டேங்குதே."

தாரகையின் கண்ணில் அப்போதும் ஈரம் வரவில்லை. பூ வைக்க வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.