சோட்டா சோட்டா

நீளமான சலவைச் சோப்புக் கட்டியை நூலால் அறுத்து அறுத்துப் பஷீராவுக்கு விரலே சிவந்துவிட்டது.

"பக்கத்து வீட்டு மிதாலி தீதிக்கு முழுக்கட்டியாவே குடுத்தா என்னவாம்?"

"போன்ல தெளிவா சொன்னாங்களே, 'சாபு இருந்தா குடு, சோட்டா சோட்டாவா'ன்னு, சின்னச் சின்னதா வேணுமாம். கப்பல் வராததால கடையில இல்லையாம். இப்பவே ஊறப் போடணுமாம், சாயங்காலம் வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்களாம்" என்றான் அவள் கணவன் அய்யூப்.

"ஆளுங்க வர்ற அன்னைக்கா துணி ஊறப் போடுவாங்க?"

"பெங்காலிங்க வழக்கம் உனக்கென்ன தெரியும்? நேத்து மெயின்லேண்ட்லேருந்து இந்தத் தீவுக்கு வந்தவ நீ. பொறந்ததுலேருந்து இந்தி பேசுறவன் நான். சாபுன்னா சோப்பு. பேசாம அறு!"

வாசலில் கிண்ணத்தோடு தீதி வந்து நின்றாள். தட்டிலிருந்த சோப்புத் துண்டுகளைப் பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்புக்கு நடுவே இந்தியில் சொன்னாள்:

"அரே அய்யூப் பாய், சோப்புக்கு இந்தியில 'சாபுன்'! நான் கேட்டது சாபு. எங்க பெங்காலியில ஜவ்வரிசி! பாயசத்துக்குப் பொடி ஜவ்வரிசி!"

அய்யூப் கூரையைப் பார்த்தான்.

பஷீரா இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"போங்க, முதல்ல உங்க இந்தியைத் துவைச்சுக் காயப் போட்டுட்டு வாங்க!"