உள்ளே ஒரு குழந்தை

பாக்கியலட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாரம் பகுதியில், மனசைக் குணப்படுத்தும் வகுப்பு நடத்தும் சத்யப்பிரியாவின் வீட்டு ஹாலில் பத்துப் பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்குள்ள ஒரு குழந்தை அழுவுது. கேக்குதா?" என்றாள் சத்யப்பிரியா.

"கேக்குதும்மா. எழுந்து போவட்டுமா?" என்றாள் பாக்கியலட்சுமி.

"கூடாது. மனசு அப்படித்தான் ஓடப் பாக்கும்." சத்யப்பிரியா புல்லாங்குழல் இசையைக் கூட்டி வைத்தாள்.

"தொண்ட கட்டிக்கும்மா!"

"அழட்டும். அழுதாதான் ஆறும்."

பாக்கியலட்சுமி பொறுக்கமாட்டாமல் உள்ளறைக்கு ஓடினாள். வீறிட்டுச் சிவந்திருந்த கைக்குழந்தையைத் தூக்கிவந்து சத்யப்பிரியாவின் மடியில் வைத்தாள்.

"புள்ளயப் பாத்துக்க வந்தவள, கிளாஸுக்கு ஆளு கொறையுது, நீயும் உக்காருன்னீங்க. உக்காந்தேன். ஆனா உள்ள அழுத குழந்தை உங்களுதும்மா."