டாக்டரை யாரும் கூப்பிடவில்லை

ஐந்து நாளாக டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. கைபேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தான். பக்கத்து அறைக்காரரைக் கெஞ்சி ஒரு தடவை தன் எண்ணுக்கு அடிக்கச் சொன்னான். நன்றாகத்தான் அடித்தது.

வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. ஆறு வருஷமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறவன்; பட்டம் வருவதற்கு முன்பே நண்பர்கள் வைத்த பெயர் அது. நகரப் பேருந்துகளில் ஏன் இத்தனை நெரிசல் என்று நான்கு அத்தியாயம் எழுதிவிட்டு, ஐந்தாவது அத்தியாயத்தின் தலைப்போடு ஒன்றரை வருஷமாக உட்கார்ந்திருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் வீண்.

எழுத அவனுக்கு நேரம் எங்கே? வேன் ஓட்டுகிற நண்பன் வீடு மாறினால் பீரோவின் மறுமுனையைப் பிடிப்பவன் இவன். நர்ஸ் அக்காவுக்கு டியூட்டி என்றால் அவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருபவனும் இவன். சமையல்காரன் வீட்டில் குழாய் ஒழுகினாலும், தையல்கார அக்கா கண் பரிசோதனைக்குப் போனாலும் எல்லோருக்கும் ஒரே எண்தான்.

"உனக்கென்னடா, வீட்லதான இருக்க" என்பார்கள். இன்றைக்கும் எழுத முடியாமல் போச்சே என்று வாய் புலம்பும். கால் அதற்குள் செருப்பை மாட்டியிருக்கும்.

இப்போது புலம்பவும் வழியில்லை. மேஜையைத் துடைத்தாகிவிட்டது. பேனாக்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்து, எழுதாததைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. அறையில் இருப்புக் கொள்ளாமல் வேன்காரனை அவனே கூப்பிட்டான்.

"என்னடா, லோடு ஏதாவது ஏத்தணுமா? நான் சும்மாதான் இருக்கேன்."

"ஒண்ணும் இல்லடா. வெச்சிடவா?"

வெச்சிடவாவா! சிக்னலில் நிற்கிற நேரத்தில்கூட இவனைக் கூப்பிட்டு ஊர்க்கதை பேசுகிறவன் அவன். டாக்டர் உடனே நர்ஸ் அக்காவுக்கு அடித்தான்.

"அக்கா, இன்னைக்குப் பிள்ளைய நான் கூட்டிட்டு வரட்டா?"

"வேணாம்பா. அதுக்கு வேற ஆள் பாத்துட்டோம்."

வேற ஆள். சுருக்கென்று தைத்தது அவனுக்கு. அந்தப் பிள்ளைக்குச் செருப்பு வார் மாட்டக் கற்றுக் கொடுத்ததே இவன்தான்.

மறுநாள் டீக்கடைப் பக்கம் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பேரும் ஒரே மேஜையில், தலையோடு தலை முட்டுகிற மாதிரி குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு கப்பென்று நின்றது. வேன்காரன் ஏதோ எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகினான்.

"நான் வந்தா நிறுத்திடுவீங்களோ?" என்றான் டாக்டர்.

சமையல்காரன் சம்பந்தமே இல்லாமல் கேட்டான்: "ஏண்டா, உங்க யுனிவர்சிட்டி ஆபீஸ் சாயந்தரம் எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

"அஞ்சு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

நர்ஸ் அக்கா சமையல்காரனை ஒரு முறை முறைத்துவிட்டு இவன் பக்கம் திரும்பினாள். "சரிப்பா, நேரமாச்சு. நீ கிளம்பு." உட்காரக்கூடச் சொல்லவில்லை.

வீடு வரைக்கும் அழுகை முட்டிக்கொண்டே வந்தது. பீரோவைச் சுவரில் இடித்தேனே, அந்தக் கோபமா? குழாயைச் சரியாக முறுக்காமல் விட்டேனா? எட்டு வருஷத்துப் பழக்கத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் ரோஷம் வந்தது. 'நீங்க இல்லேன்னா எனக்கு வேற வேலையே இல்லையா?' என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கணினியைத் திறந்தான்.

முதல் பக்கம் எழுதுவதற்குள் ஏழு தடவை கைபேசியைப் பார்த்தான். இரண்டாம் நாள் மூன்று தடவை. மூன்றாம் நாள் பேருந்து நெரிசல் அவனையே உள்ளே இழுத்துக்கொண்டது; சாப்பிட மறந்துபோய் நாலு மணிக்குத்தான் வயிறு ஞாபகப்படுத்தியது. நடுவில் யாராவது கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பான். யாரும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. பைண்டிங் கடைப் பசை இன்னும் காயாத மூன்று பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்தின் ஆறாம் எண் ஜன்னலில் நின்றான். உள்ளே இருந்த அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டினார், கையெழுத்துகளைச் சரிபார்த்தார், மூன்றிலும் ஓங்கி முத்திரை குத்தினார்.

முடிந்தது. ஆறு வருஷம் மூன்று சத்தத்தில் முடிந்துவிட்டது. கை பழக்கத்தில் கைபேசியை எடுத்தது. யாருக்கு அடிப்பது? இப்படி ஒரு சேதியைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. இதற்கு அந்தப் பீரோவையே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கலாம்.

அம்மாள் அட்டையிலிருந்த பெயரைப் படித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அடடே, நீங்கதானா அது?"

டாக்டர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். "ஏன் மேடம், ஏதாவது தப்பா இருக்கா?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல சார். உங்கள இனிமே கூப்பிடலாமான்னு கேட்டு, தினமும் நாலு பேரு மாத்தி மாத்தி போன் பண்ணி என் உயிர எடுக்குறாங்க!"