இலவசக் கரடி மூக்கு

நேற்றுக் காலை ஒரு மணி நேரம் நான் கரடியாக இருந்தேன். மூன்று மலைக்கு அப்பால் ஓர் எறும்பு ஏப்பம் விட்டதைக்கூட மோப்பம் பிடித்தேன்!

வனப் பாதுகாப்பு மையத்தில் ஞாயிறுதோறும் பொதுமக்களுக்கு இலவசமாக விலங்கு மூக்கு மாட்டிவிடுகிறார்கள். போன வாரம் மான், இந்த வாரம் கரடி. மருமகள் இனியாவும் அவளுடைய அப்பா கோகுல்நாத்தும் என்னோடு வந்தார்கள். சம்பந்திக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. கால்புண் ஆறவில்லை, விரலை எடுக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டர். இவரோ இனிப்பைத் தொட்டே வருஷமாகிறது என்று சத்தியம் செய்கிறார். இனியாவுக்குத் தூக்கமே இல்லை.

"மூக்காவது மண்ணாவது! ஊரை ஏமாத்துறாங்க சம்பந்தி" என்று அவர் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை.

மாட்டியதும் காடு முழுவதும் என் தலைக்குள் புகுந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் எங்களைக் கரையான் புற்றுக்கு அழைத்தாள். என் மூக்கோ எதிர்ப்பக்கம் இழுத்தது. நாலுகாலில் பாய்ந்து சம்பந்தியின் இடுப்பில் போய் முட்டினேன்.

"ஏனுங்க, விடுங்க! என்னுங்க இது அசிங்கமா!"

"வெல்லம்! கடலை! ஏலக்காய்!" என்று உறுமினேன்.

"பொய்யி! மூக்கே பொய்யி!"

அதற்குள் புற்றுக்குப் போன கூட்டமும் திரும்பி வந்து, அவரைச் சுற்றி நின்று மோப்பம் பிடித்தது.

"அப்பா, நீங்களே சொல்லுங்க" என்றாள் இனியா.

அவர் பெல்ட்டுக்குள்ளிருந்து கடலைமிட்டாயை மெல்ல உருவினார்.

"ரெண்டு கவருக்குள்ள வெச்சு ஒட்டியிருந்தனுங்க சம்பந்தி. மூக்கு நெசந்தான். தெனமும் தின்னுட்டுத்தான் இருந்தேன், கண்ணு."