இருபதாவது ஆள்

"நீங்க ஒருத்தர் ஏறினா போதும் அங்கிள், பஸ் பொழைச்சுக்கும்!"

வாசலில் நின்றபடியே சொன்னாள் ஷ்யாமளா. உள்ளே கூப்பிட்டால் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்தால் சரியென்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டாள் என்பது பத்மநாபனுக்குத் தெரியும். அதனால் கதவைப் பாதிதான் திறந்திருந்தார்.

"எனக்கு எதுக்கும்மா பஸ்? கராஜ்ல ரெண்டு கார் நிக்கறது. ரிடையர் ஆனவன் காலங்கார்த்தால ஆறு நாப்பது பஸ்ல ஏறி எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம். ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டு, அடுத்த பஸ்ல திரும்பிடலாம்."

"இது என்ன கூத்து!"

கூத்துதான். ஆனால் ஷ்யாமளா அதை ஒரு மாதமாக விடாமல் நடத்திக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற அந்த ஊரில் அவர்கள் பக்கம் ஓடும் முதல் மினி பஸ்ஸில் ஆட்களே ஏறுவதில்லை, நிறுத்தப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தன் காரை சர்வீஸுக்கு விட்டிருந்த ஒரு நாள் ஷ்யாமளா அந்த பஸ்ஸில் போனாள். அன்றுதான் றெஜினாவைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, முதியோர் இல்லமொன்றில் உதவியாளர் வேலை. கண் பார்வைக் கோளாறால் லைசென்ஸ் கிடையாது.

"இந்த பஸ்ஸ நிப்பாட்டப் போகினமாம் அக்கா. நான் என்னெண்டு வேலைக்குப் போறது?"

"நான் டிராப் பண்றேனே."

"எத்தினை நாளைக்கு ஏத்தி இறக்குவியள்? எனக்கு பஸ்தான் வேணும்."

அந்தப் பதில் ஷ்யாமளாவுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. மனு எழுதினாள். பனியில் வழுக்கி விழுந்து எழுந்து முந்நூறு கையெழுத்து வாங்கினாள். பொதுக்கூட்டத்தில், கொடுத்த மூன்று நிமிஷம் முடிந்த பிறகும் மைக்கை விடாமல் பேசினாள். அவள் தொல்லை தாங்காமல் நிர்வாகம் கொஞ்சம் இறங்கி வந்தது. ஒரு வாரம் எண்ணிப் பார்ப்போம், முதல் ட்ரிப்பில் சராசரியாகப் பதினாலு பேர் ஏறினால் பஸ் தொடர்ந்து ஓடும் என்றார்கள்.

"சரி, ஒரு வாரம் ஏறிக் காட்டிட்டு அப்புறம்?" என்றார் பத்மநாபன்.

"அப்புறமும் ஆள் சேர்ப்பேன். இந்த நாலு நாள் ஏறினதுலயே மூணு பேர், இனிமே ட்ரெயினுக்கு இதுலயே வரேன்னு சொல்லிட்டாங்க. கொஞ்சம் டைம்தான் வேணும் அங்கிள். திங்கள் எட்டு பேர், செவ்வாய் பன்னெண்டு, புதன் பதினாலு, இன்னிக்குப் பதினாறு. மொத்தம் அம்பது ஆச்சு. நாளைக்கு இருபது பேர் ஏறினா ஜெயிச்சோம். வாட்ஸ்அப் குரூப்ல என்னையும் சேர்த்துப் பத்தொம்பது பேர் ரெடி."

"நின்னுண்டெல்லாம் என்னால வர முடியாது. முட்டி வலி."

"நிக்கவே விட மாட்டாங்க. இருபது சீட், இருபது பேர். உங்களுக்கு ஜன்னல் சீட்."

"வேற யாராவது..."

"எல்லார் வீட்டுக்கும் போயிட்டுத்தான் வரேன். றெஜினாவுக்கு ஏற்கெனவே ரெண்டு வார்னிங் கொடுத்தாச்சு அங்கிள். இன்னொரு நாள் லேட்டாப் போனா வேலை போயிடும். பஸ்ஸே இல்லேன்னா அவ என்ன செய்வா?"

பத்மநாபன் தாடையைத் தடவிக்கொண்டார். சமையலறையிலிருந்து அவர் மனைவி பர்வதத்தின் குரல் வந்தது.

"அந்தப் பத்தொம்பதுல நானும் ஒருத்தி. காலம்பற ஆறேகாலுக்கே கிளம்பிடுவேன். காப்பி நீங்களே போட்டுக்கோங்கோ."

பத்மநாபன் கதவை முழுசாகத் திறந்தார். "எத்தனை மணிக்கு வரணும்?"

வெள்ளிக்கிழமை காலை லைப்ரரி ஸ்டாப்பில் திருவிழாக் கூட்டம். மூக்கு உறையும் குளிரில் ஒருத்தர்கூடத் தப்பிக்கவில்லை. பத்மநாபன் கோட்டும் ஷூவுமாக, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்போல வந்தார். பஸ் டிரைவர் கூட்டத்தைப் பார்த்து, ரூட் மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் திகைத்தார்.

ஷ்யாமளா ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணி ஏற்றினாள். பதினேழு, பதினெட்டு, தானும் ஏறிப் பத்தொன்பது. கடைசியாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு பத்மநாபன் ஏறினார். இருபது! பஸ்ஸே அதிரக் கை தட்டினார்கள். யாரோ செல்ஃபி எடுத்து உடனே குரூப்பில் போட்டார்கள். டிரைவர் கதவை மூடினார்.

ஷ்யாமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாத அலைச்சல். எத்தனை பேர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருப்பார்கள்!

"அழாதேம்மா, ஜெயிச்சாச்சு" என்று பர்வதம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த இரண்டு ஸ்டாப்பிலும் யாரும் இல்லை. மூன்றாவது ஸ்டாப்பில் யாரோ கையைக் காட்டினார்கள். டிரைவர் 'இடமில்லை' என்று தலையை ஆட்டிவிட்டு நிறுத்தாமலே போனார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பத்மநாபனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா ஷ்யாமளா! ஒரு ஆள்கூட ஏற முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்த்துட்டே. பாவம், ஒரு பொண்ணு பஸ் பின்னாடியே ஓடி வரா. நீல யூனிஃபார்ம் போட்டுண்டிருக்கா, நர்ஸ் மாதிரி."

ஷ்யாமளா பதறி எழுந்து பின்கண்ணாடி வழியே பார்த்தாள். இருபது பேருக்காக ஊரெல்லாம் அலைந்தவள், தினமும் அந்த பஸ்ஸில் ஏறுகிற றெஜினாவை அதில் ஒரு ஆளாக எண்ண மறந்துபோயிருந்தாள்.