கொண்டுவந்தது யார்?

"தெருவே டெங்குல கெடக்கு. எம்மகனும் படுத்துட்டான். எல்லாம் அந்த எறால் பண்ணை ஒடிசாக்காரங்க கொண்டாந்தது," என்றாள் சின்னப்பிள்ளை.

அன்றைக்கே பண்ணையில் வேலை பார்த்த அந்த ஒடிசாக் குடும்பத்தை மணமேல்குடியை விட்டு விரட்டினார்கள். கைக்குழந்தைக்கும் காய்ச்சல். குடிக்கத் தண்ணீர்கூட ஒருவரும் கொடுக்கவில்லை.

சில நாள் கழித்து, தெருக்காரர்களின் ரத்த ஆய்வு முடிவோடு நர்ஸ் சத்யபிரியா வந்தாள்.

"ரத்தத்துல இருந்த வைரஸோட மரபணுவைப் பாத்துட்டாங்க பெரியம்மா. இது சிங்கப்பூர்ல பரவுற வகையாம். ஒங்க மகன் அங்கேருந்து லீவுல வந்தப்ப கூடவே வந்திருக்கு. பாவம், அந்த ஒடிசாக்காரங்களுக்கே இங்கிட்டு வந்துதான் புடிச்சிருக்கு. திரும்பக் கூப்புடுங்க."

சின்னப்பிள்ளை உடனே போனை எடுத்தாள். கூப்பிட்டது, மகனுக்குப் பெண் பேசி வைத்திருக்கும் வீட்டை.

"சம்பந்தி, மாப்பிள்ளைக்கு வந்திருக்கிறது கண்ட காய்ச்சல் இல்லீங்க. சிங்கப்பூர்க் காய்ச்சலு."